பழைய காரின் சஸ்பென்ஷன்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழிமுறை

தினமும் ஓட்டும் பழைய காரை வளைவில் இன்னும் உறுதியாக நிற்கவைக்க வேண்டும் என்று வருபவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்த ஷாக் (வண்டியின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போடலாம், எந்த ஸ்பிரிங் போடலாம் என்பதைத்தான். என் பதில் மாறியதே இல்லை. முதலில் வண்டி புதிதாக இருந்தபோது எப்படி ஓடியதோ அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டியில் புஷ் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) வெடித்திருக்கும், லிங்க் ராடு ஆடும், ஷாக்கின் வலு குறைந்திருக்கும். இவற்றை ஒழுங்காக மாற்றிய பிறகு பலருக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. ஆட்டம் கண்ட ஜாயிண்டை அப்படியே விட்டுவிட்டு விறைப்பான ஷாக் போட்டால் அந்த ஜாயிண்ட் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவு குறைந்த காரணத்தில் தொடங்கி, செலவு கூடிய காரணத்துக்குப் போகிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு; அதைப் பார்த்துக் காற்று அடிக்கக்கூடாது.

அடுத்து டயரின் வயது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டையின் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன டயர் ரோட்டைப் பிடிக்காது. அந்தக் குறையை எந்த ஷாக்காலும் ஈடுசெய்ய முடியாது.

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, ஸ்பானர் பை எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். "பின் ஷாக் தட்டுகிறது" என்று வந்த வண்டிகளில் கழன்றிருந்த ஜாக்கியே தட்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி வரும் சோதனைகளில் சிலவற்றுக்கு வண்டியைத் தூக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுத் தூக்குங்கள். தூக்கியதும் ஆக்சில் ஸ்டாண்டில் (வண்டியின் பாரத்தைத் தாங்கும் இரும்புத் தாங்கி) இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட விடாதீர்கள்.

## அறிகுறி: மேடுபள்ளத்தில் டக் டக் என்று தட்டும் சத்தம்

அதிகம் பேர் வருவது இந்தச் சத்தத்தோடுதான். வேண்டாத பாகத்தை அதிகம் மாற்றுவதும் இதற்குத்தான். அதனால் எப்போது தட்டுகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக ஓட்டுங்கள்.

### சிறு சிறு மேடுகளில், மெதுவாகப் போகும்போது மட்டும் தட்டினால்

முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி இது. முன்பக்கத்தில் மலிவாகவும் எளிதாகவும் மாற்றக்கூடிய பாகங்களில் இது ஒன்று.

இதைச் சோதிக்கும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி லிங்க் ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் இருந்தாலும் தெரியாது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, இன்ஜினை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்க் ராடைப் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். கிளிக் என்று கைக்குத் தட்டுப்பட்டால் அது போய்விட்டது. மேல் முனை, கீழ் முனை இரண்டையும் பாருங்கள்.

லிங்க் ராடு நன்றாக இருந்தால் அடுத்தது ஸ்டெபிலைசர் பாரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் டி வடிவப் புஷ். இதில் இடைவெளி விழுந்தால் சத்தம் கொஞ்சம் மந்தமாக, டொக் டொக் என்று வரும்.

அப்படியும் உறுதியாகத் தெரியவில்லையா? லிங்க் ராடை இரண்டு பக்கமும் கழற்றி, எதிலும் உரசாதபடி கட்டி வைத்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பழுது லிங்க் ராடிலோ புஷ்ஷிலோதான். நிற்காவிட்டால் வேறு எங்கோ. இந்த நிலையில் வண்டி வளைவில் அதிகமாகச் சாயும் என்பதால் சோதனைக்குத் தவிர ஓட்ட வேண்டாம்.

### பிரேக் போடும்போது அல்லது கியர் போட்டு நகரும்போது ஒரே ஒரு தட்டு தட்டினால்

லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ்ஷைப் பாருங்கள், குறிப்பாகப் பின்பக்கப் புஷ்ஷை. டார்ச் அடித்து ரப்பரைப் பாருங்கள். மேலோட்டமான சின்ன வெடிப்பு வயதில் வருவது. ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தாலோ, நடுவில் இருக்கும் குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலோ மாற்றியாக வேண்டும். சில வண்டிகளில் அந்தப் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அதன் கீழே எண்ணெய்க் கறை இருந்தால் புஷ் கிழிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் நீளமான கம்பியை வைத்து ஆர்மை மெல்ல நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுப்பது சரி. உலோகம் உலோகத்தில் இடித்தால் சரியில்லை.

புஷ்ஷை மட்டும் மாற்றுவதா, ஆர்மோடு மாற்றுவதா? புஷ்ஷை அழுத்தி ஏற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். பால் ஜாயிண்டும் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அதே ஆர்மில் இருந்து, அதுவும் அதே வயதுடையது என்றால் முழு ஆர்மாக மாற்றுவதையே நான் சொல்வேன். கூலி ஒரு தடவையோடு போகும்.

### ஸ்டியரிங் திருப்பும்போது தட்டினால், அல்லது ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால்

ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) உச்சியில் இருக்கும் மவுண்ட்டில் உள்ள பேரிங் இறுகியிருக்கலாம். பானெட்டைத் திறந்து, இன்னொருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, ஸ்ட்ரட்டின் உச்சியில் கை வையுங்கள். சீராகத் திரும்பாமல் நின்று நின்று துள்ளினால் பேரிங் போய்விட்டது. ஸ்பிரிங் சுருளுக்குள் விரலை விடாதீர்கள். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை என்பதும் இதே பழுதின் அடையாளமாக இருக்கலாம்.

### எந்த மேட்டிலும் தட்டினால்

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது பால் ஜாயிண்ட்டா, வீல் பேரிங்கா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் காணாமல் போனால் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட். ஸ்ட்ரட் வகை வண்டியில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்மை நெம்பிப் பார்க்கலாம். ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில், ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பாரத்தை எடுத்தால்தான் கீழ் ஜாயிண்டின் ஆட்டம் வெளியே தெரியும்.

இங்கே நிறுத்துங்கள்: பால் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். மெக்கானிக்கை வரவழையுங்கள், அல்லது வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

## அறிகுறி: வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே போகிறது

இது ஷாக். கிட்டத்தட்ட வேறெதுவும் இல்லை.

காரின் மூலையைக் கையால் அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். முழுதாகச் செத்துப்போன ஷாக் மட்டும்தான் அதில் மாட்டும். பாதி போன ஷாக் அதில் சுலபமாகத் தப்பித்துவிடும். அதைவிட நல்ல சோதனை ரோட்டில்தான் இருக்கிறது. உங்களுக்குப் பழக்கமான ஒரு மேட்டை எப்போதும் போகும் வேகத்தில் தாண்டுங்கள். வண்டி எழும்பி இறங்கியதும் அடங்கிவிட வேண்டும். இன்னொரு முறை எழும்பினால் ஷாக் தளர்ந்துவிட்டது.

பிறகு ஷாக்கின் உடம்பைப் பாருங்கள். மேலே லேசான எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து கீழ்வரை ஈரமாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். டயர் பட்டையைச் சுற்றிலும் உள்ளங்கையால் தடவுங்கள். அங்கங்கே குழி குழியாகத் தட்டுப்பட்டால் ஷாக் டயரைத் தரையோடு பிடித்து வைக்கவில்லை என்று அர்த்தம்.

கசிவே இல்லாமலும் ஷாக் போகும். சுமார் 80,000 கி.மீ. ஓடிய ஷாக்கைக் கசிவு இல்லையென்றாலும் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால், தினமும் ஓட்டுபவருக்கு அது தெரிவதே இல்லை.

மாற்றுவதானால் ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் திடீரென்று ஒதுங்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் தடுப்பு), தூசி உறை, முன்பக்கம் என்றால் ஸ்ட்ரட் மவுண்ட், இவற்றையும் அதே வேலையில் மாற்றிவிடுங்கள். கிழிந்த தூசி உறையோடு புது ஷாக்கை மாட்டினால் தூசி சீலைத் தின்றுவிடும்.

இங்கே நிறுத்துங்கள்: ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கை கம்ப்ரஸரால் அழுத்திப் பிடிக்காமல் ஒருபோதும் கழற்றக்கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் உயிரையே எடுக்கும். நல்ல கம்ப்ரஸரும் அனுபவமும் இல்லையென்றால் ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து ஸ்பிரிங்கை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது

தண்ணீர் வடிய ரோட்டுக்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். அதனால் லேசான இழுப்பு இருக்கும். சமமான இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

காற்று சரி என்றால் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். இழுப்பு எதிர்ப் பக்கத்துக்குப் போனால் பழுது டயரில். சுழலும் திசை குறித்த அம்புக்குறி உள்ள டயர் என்றால் பக்கம் மாற்றாமல் அதே பக்கத்து முன்பின் மாற்றிப் பாருங்கள்.

டயர் இல்லையென்றால் பிரேக். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல் ரிம்முக்கு அருகில் கையைக் கொண்டுபோய் இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் நன்றாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

இவற்றுக்குப் பிறகுதான் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளந்து திருத்துவது. முன் அளவு, பின் அளவு இரண்டும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். பல வண்டிகளில் முன் சக்கரத்தின் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்து, திருத்தவும் வழியில்லை என்றால் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கக்கூடும். பெரிய பள்ளத்தில் விழுந்த வண்டி, நடைபாதை விளிம்பில் இடித்த வண்டி என்றால் இதையே முதலில் சந்தேகப்படலாம். வளைந்த பாகத்தைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புதிது போடுங்கள்.

## அறிகுறி: நேர் ரோட்டில் வண்டி அலைகிறது, ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது

வேகமாக ஓட்டும்போது கை ஓயாமல் வேலை செய்தால், அப்புறம் ஓட்டுவதே களைப்பு. ஷாக்கைக் குறை சொல்வதற்கு முன் கீழ்க்கண்ட வரிசையில் போங்கள்.

பின் டயரில் காற்று குறைந்தாலே வண்டி வால் ஆட்டும். அது சரியென்றால் முன் சக்கரத்தைத் தூக்கி, இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டை (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) பாருங்கள். அது உறுதியாக இருந்தும் சக்கரம் ஆடினால், ஸ்டியரிங் ரேக்கின் (ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் சட்டம்) ரப்பர் உறையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மீண்டும் ஆட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஜாயிண்டின் ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

அடுத்தது அலைன்மெண்ட்டில் டோ. டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. ஆனால் ஆட்டம் உள்ள ஜாயிண்ட்டோடு அலைன்மெண்ட் செய்வது வீண் செலவு. இன்று வைத்த அளவு நாளைக்கே மாறிவிடும். முதலில் ஜாயிண்ட், புஷ், பிறகு அலைன்மெண்ட்.

பலரும் பார்க்காமல் விடுவது பின்பக்கத்தை. பின் அச்சுப் பீமைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு பெரிய புஷ் தளர்ந்தால், வளைவில் நுழையும்போது பின்பக்கம் ஒரு கணம் தாமதமாக வந்து சேர்வது போல இருக்கும். ஓட்டுபவர் முன்பக்கத்தையே திருத்திக்கொண்டிருப்பார். இதைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். மாற்றும் வேலை பிரஸ்ஸும் தனிக் கருவியும் கேட்கும். வீட்டில் முயல வேண்டாம்.

ஸ்டியரிங் ரேக்கே தேய்ந்திருப்பது கடைசி. விலையும் அதிகம், வேலையும் அதிகம். மற்ற எல்லாம் சரி என்று உறுதியான பிறகே அங்கே போங்கள்.

## அறிகுறி: ஸ்டியரிங் நடுங்குகிறது

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் என்றால் வீல் பேலன்சிங். பிரேக் போடும்போது மட்டும் என்றால் டிஸ்க். பேலன்சிங் செய்த பிறகும் நடுங்கினால் டயரோ ரிம்மோ வட்டமாக இல்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் தெரியும். தளர்ந்த புஷ் நடுக்கத்தை அதிகமாகக் காட்டும், ஆனால் நடுக்கம் தொடங்குவது பெரும்பாலும் அங்கே இல்லை.

## அறிகுறி: ஒரு மூலை தாழ்ந்து நிற்கிறது

சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வளைவு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஒரே அச்சில் இடத்துக்கும் வலத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கின் அடிச் சுருளையும் உச்சிச் சுருளையும் துடைத்துப் பாருங்கள். துரு பிடித்து அங்கேதான் உடையும். உடைந்த முனை டயரைக் கிழிக்க வாய்ப்புண்டு, வண்டியை நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது. இரண்டையும் மாற்றுங்கள்.

ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் துண்டை வைத்து உயரத்தைக் கூட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சில சுருள்கள் வேலை செய்யாமல் போக, மற்ற சுருள்கள் பாரம் முழுவதையும் வாங்கும். ஷாக்கும் அந்த விறைப்புக்கு ஏற்றது அல்ல.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் வளைவில் அதிகம் சாய்கிறது

இப்போதுதான் அப்கிரேடு பற்றிப் பேச வேண்டிய இடம். இதையும் வரிசையாகச் செய்யுங்கள். ஒன்றைச் செய்து, சில நாள் ஓட்டி, போதுமா என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

நல்ல டயர். அதே அளவில், நல்ல பிடிப்புள்ள டயர். மிகப் பெரிய ரிம்மும் மெல்லிய பக்கச் சுவரும் மோசமான ரோட்டில் ஷாக்கையும் புஷ்ஷையும் அடித்துத் தீர்த்துவிடும்.

நல்ல ஷாக். பழைய ஸ்பிரிங்கோடு ஒத்துப்போகும், ஒரு படி விறைப்பான ஷாக். பில்ஸ்டீன் நிறுவனத்தில் பி6 என்பது வண்டியின் வழக்கமான உயரத்துக்கு, பி8 என்பது தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு. கோனியின் மஞ்சள் ஷாக்கில் விறைப்பைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். தினமும் ஓட்டும் வண்டிக்கு, பணத்துக்கு அதிகப் பலன் தருவது இந்தப் படிதான் என்பது என் முடிவு. சாயும் அளவு கொஞ்சம்தான் குறையும். ஆனால் சாய்வது மெதுவாக, அடக்கமாக நடக்கும். ஓட்டுபவருக்கு நம்பிக்கை வருவது அதனால்தான்.

பின் ஸ்டெபிலைசர் பார். முன் சக்கரம் இழுக்கும் வண்டி வளைவில் மூக்கை வெளியே தள்ளினால், கொஞ்சம் தடித்த பின் பார் உதவும். கவனம் தேவை. பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. பாருக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடிவிடும். அளவுக்கு மீறினால் ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும்.

தாழ்த்தும் ஸ்பிரிங். கடைசியில்தான். பழைய ஷாக்கோடு இதைப் போடவே கூடாது. ஷாக் அமுங்கும் தூரம் குறைந்து பம்ப் ஸ்டாப்பில் இடித்துக்கொண்டே இருக்கும். சில நாடுகளில் உயரத்தை மாற்ற அனுமதி தேவை, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

பாலியூரித்தேன் புஷ் பற்றியும் கேட்பார்கள். ஸ்டெபிலைசர் பாரில் போடலாம், அதற்கான கிரீஸ் வைத்துத்தான் போட வேண்டும்; இல்லையென்றால் கீச்சிடும். லோயர் ஆர்மில் போட்டால் ரோட்டின் அதிர்வெல்லாம் உள்ளே வரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நல்ல ரப்பர் புஷ்ஷே போதும்.

## அறிகுறி: எல்லாம் புதிது போட்டும் சத்தம், அல்லது முன்பைவிட மோசம்

இதற்குக் காரணம் பெரும்பாலும் மாட்டிய விதம்.

- புஷ் சில மாதத்திலேயே கிழிந்தால்: சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கையால் முடுக்கிவிட்டு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் இறுதியாக இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். வேலை கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.
- புது ஸ்ட்ரட் தட்டினால்: உச்சி நட்டின் இறுக்கம், ஸ்பிரிங் முனை அதன் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பழைய மவுண்ட்டையே மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.
- புது ஷாக் தொடக்கத்தில் தொளதொளவென்று இருந்தால்: இரட்டைக் குழாய் வகை ஷாக்கை, மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை முழுதாக அழுத்தி விட வேண்டும். உள்ளே தேங்கிய காற்று அப்போதுதான் வெளியேறும்.
- ஸ்டியரிங் கோணலாக நின்றால் அல்லது டயர் உள்பக்கம் தேய்ந்தால்: அலைன்மெண்ட் செய்யவில்லை. ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட், ஸ்பிரிங் எதை மாற்றினாலும் அலைன்மெண்ட் கட்டாயம். லிங்க் ராடுக்கு மட்டும் தேவையில்லை.
- நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு விளக்கு எரிந்தால்: அலைன்மெண்ட்டுக்குப் பிறகு ஸ்டியரிங் கோண சென்சாரை ஸ்கேனர் வைத்து மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். இது ஒர்க்‌ஷாப் வேலை.

புதிய பாகங்கள் போட்டு 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளையும் மாற்றிய போல்ட்டுகளையும் டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஸ்பிரிங் மாற்றியிருந்தால் சில வாரத்தில் உயரத்தை மறுபடி அளந்து, முன்பு எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள். உயரம் இறங்கியிருந்தால் அலைன்மெண்ட்டையும் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.